மடி இல்லாத மாமன்

நொச்சிப்புதூரில் பங்குச்சந்தைப் பைத்தியம் பிடித்தவர்களின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பியது ஓர் ஆவணி மாதத் திங்கட்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, சந்தை திறந்த மாத்திரத்தில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற சுபலாபம் பங்கு ஆபீசில், டி.வி. முன்னால் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்த கும்பலில் சிலர் ஒரு சாண் எழும்பினார்கள், சிலர் முழங்கால் வரைக்கும் சிமெண்டுத் தரைக்குள் இறங்கினார்கள், ஒருவர் மட்டும் தலை ஃபேனில் இடிக்கிற அளவுக்கு ஏறி, "யாராச்சும் சுவிட்ச ஆஃப் பண்ணுங்கப்பா" என்றார். டாக்டரிடம் ஓடினார்களா, சாமியாடியைக் கூப்பிட்டார்களா என்றால் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி, "யாரு எத்தன அடி?" என்பதுதான்.

அதன் சட்டதிட்டம் ஓரிரு நாளில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. போட்ட பணம் எந்த அளவுக்குக் கூடியதோ அந்த அளவுக்கு ஆள் காற்றில் நிற்பான், எந்த அளவுக்குக் கரைந்ததோ அந்த அளவுக்கு மண்ணுக்குள் இருப்பான். மண்ணுக்குள் இருந்தாலும் நடமாட்டத்துக்குக் குறைவில்லை, குளத்தில் இடுப்புத் தண்ணீரில் நடப்பதுபோலத் தார் ரோட்டில் நடக்கலாம், ரோடு விலகி வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொள்ளும். மேலே இருப்பவன் விற்றால் லாபத்தை மடியில் கட்டிக்கொண்டு மெல்லத் தரைக்கு வந்துவிடலாம். கீழே இருப்பவன் விற்றாலும் நிற்கிற இடத்தில்தான் நிற்பான், புதிதாகப் பணம் போட்டு அது வளர்ந்தால்தான் மேலே வர முடியும். ஏன் இப்படி ஆயிற்று, யார் செய்த வேலை, ஊர் உலகத்தில் இல்லாத அதிசயம் நமக்கு மட்டும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, சந்தை நடந்துகொண்டிருந்தது.

சலூன்காரர் ஓர் ஏணியும் ஒரு பலகையும் வாங்கினார், ஏணி ஏறியவர்களுக்கு, பலகை இறங்கியவர்களுக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு சவரம் செய்வதற்கு. டீக்கடையில் மூன்று உயரத்தில் மேடை கட்டி, உச்சி மேடைக்கு மட்டும் டீ விலையை இரண்டு ரூபாய் ஏற்றினார்கள், அதையும் சந்தோஷமாகவே கொடுத்தார்கள். மின்வாரியத்தார் வந்து, லாபத்தில் இருப்பவர்கள் ஈரத் தலையோடு கம்பிப் பக்கம் போக வேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் கூடி, முதல் மரியாதை உயரத்தில் இருப்பவருக்கே என்று முடிவு செய்து, பரிவட்டத்தைத் துறட்டுக்கோலில் மாட்டிக் கட்டினார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்பே பையன் எத்தனை அடி என்று கேட்டார்கள், பையன் வீட்டாரும் பெண் வீட்டார் வருகிற நேரம் பார்த்து, இறங்கிய பையனை ஒரு கட்டிலுக்குப் பின்னால் நிறுத்தி, உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். இறங்கியவர்களில் ஒருவர்கூட இறங்கிவிட்டேன் என்று சொன்னதில்லை. "நா லாங் டெர்முங்க" என்பார்கள், தாடை வரைக்கும் மண்ணில் இருந்துகொண்டு.

பங்குச்சந்தையோடு பழகியவர்களில் தரையில் கால் பதிய நடந்தவர் ஒரே ஆள், அவர் சுபலாபம் ஆபீசின் முதலாளி சென்னியப்பன். ஊருக்கே பங்கு வாங்கிக் கொடுக்கிற மனிதர், காலையில் வாங்கச் சொல்வார், மத்தியானம் விற்கச் சொல்வார், மறுநாள் மறுபடி வாங்கச் சொல்வார், வாங்கினாலும் விற்றாலும் அவருக்குச் சேர வேண்டிய கமிஷன் சேர்ந்துவிடும். எதையும் உரக்கச் சொல்ல மாட்டார். காதோரம் வந்து, "தம்பி, ஒரு சமாச்சாரம். வெளீல சொல்லீராதீங்க" என்று ஆரம்பிப்பார், சாயங்காலத்துக்குள் அது மேட்டுத்தெரு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். அவர் ஏன் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று யாராவது யோசித்திருந்தால் அவர் ஒரு பங்குகூட வாங்குவதில்லை என்பது விளங்கியிருக்கும். யாரும் யோசிக்கவில்லை. அவருடைய ஆபீசுக்கு மேல் முதல் மாடி எழும்பிக்கொண்டிருந்ததை மட்டும் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, ராசியான இடம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் மருதாசலம் தனி ரகம். மோட்டார் காயில் சுற்றுகிற கடை வைத்திருந்தான், கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பத்து ஊர்க்காரர்கள் அவனைத் தேடி வருவார்கள், அத்தனை சுத்தமான கை. அந்தக் கையில் சம்பாதித்ததை எல்லாம் சென்னியப்பன் காதில் ஓதிய ஒரு காற்றாலைக் கம்பெனியில் போட்டான். கம்பெனியும் ஏறியது, அவனும் ஏறினான், தென்னை மட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கீழே போகிறவர்களுக்கு முதலீட்டைப் பற்றிப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தான். அதிர்ஷ்டம் என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வந்ததே இல்லை. எல்லாம் ஆராய்ச்சி.

அவன் தங்கை சுலோச்சனாவுக்குப் பெண் குழந்தை, மிதுலா என்று பெயர். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் காது குத்துவது என்றால் தாய்மாமன் குலதெய்வக் கோயில் வாசலில் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார வேண்டும், குழந்தை அவன் மடியில் இருக்க வேண்டும், ஆசாரி குனிந்து காது குத்த வேண்டும். வயதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், ஒன்று தவறினால் மூன்று, மூன்று தவறினால் ஐந்து. மாமன் மடி இல்லாமல் குத்திய காது, காதில் சேர்த்தியில்லை. மாமன்காரனுக்கும் அந்த ஒரு நாள்தான் ஊர் நடுவில் ராஜா மாதிரி இருக்கிற நாள்.

முதல் வயதில் எல்லாம் தயார், பந்தல் போட்டாகிவிட்டது, கிடா நிற்கிறது, மாமன் மட்டும் வேப்பமரத்து உச்சியில் நிற்கிறான்.

"அண்ணா, வித்துட்டு எறங்கி வாண்ணா. கொழந்தைய எங்கண்ணா உக்கார வெப்பேன்?" என்று சுலோச்சனா கீழே இருந்து கத்தினாள்.

"இன்னும் ரெண்டடி ஏறும்னு சென்னியண்ணன் சொல்லீருக்காரு. இப்ப வித்தா முட்டாப்பயன்னு சிரிப்பாங்க, கண்ணு. மூணு வயசுல குத்திக்கலாம், ஒத்தப்படதான வேணும்?"

சம்பந்தி வீட்டார் கட்டட மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சாரம் கட்டிப் பார்த்தார்கள். சாரம் எத்தனை உயர்ந்ததோ அத்தனை அவனும் உயர்ந்தான், ஏனென்றால் அவன் கணக்கு அவன் காலுக்குக் கீழே எது இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கிற கணக்கு. குழந்தை மேலே பார்த்து அழுதது. கிடாயை வெட்டிச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கலைந்து போனார்கள்.

அவன் பெண்டாட்டி துளசிமணி தாலுகா ஆபீசில் வேலை பார்த்தாள். அவளும் பணம் போட்டிருந்தாள், ஆனால் அவள் போட்டதைப் பணம் போட்டதாகவே ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நாட்டில் உள்ள பெரிய கம்பெனிகள் அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைக்கிற இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில், மாதம் பிறந்தால் சம்பளத்திலிருந்து ஒரு தொகை தானாகப் போய்ச் சேரும்படி பாங்கில் எழுதிக் கொடுத்துவிட்டு அதை மறந்துவிட்டாள். தரைக்கு மேல் ஒரு விரல்கடை உயரத்தில் ஆபீசுக்குப் போனாள், வந்தாள். செருப்பு தேயவில்லை என்பதுதான் அதில் அவள் கண்ட ஒரே பெருமை.

சென்னியப்பனுக்கே அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். "ஏனுங் அம்மிணி, நல்ல கம்பெனி, நோஞ்சான் கம்பெனி எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டுக்கறதுக்குப் பேரு முதலீடுங்களா? எங்கிட்ட ஒரு ஃபண்டு இருக்குதுங், மும்பையில பெரிய பெரிய நிபுணருங்க ஒக்காந்து பொறுக்கித் தர்றாங்க" என்றார்.

"அந்த நிபுணருங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறதுங்?"

"அது உங்க பணத்துலயே வருசா வருசம் கொஞ்சூண்டு எடுத்துக்குவாங்க. ஏறுனாலும் எறங்குனாலும் ஒரே அளவுதானுங், தெரியவே தெரியாது."

தெரியத்தான் செய்தது. அந்த ஃபண்டை வாங்கிய மளிகைக்கடைக்காரர் தோளில் கோட்டு போட்ட ஒருத்தர் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டார், பாரத்தில் மளிகைக்கடைக்காரர் ஏற வேண்டியதில் பாதிதான் ஏறினார். துளசிமணியின் ஃபண்டுக்கும் செலவு உண்டு, அவள் தோளிலும் ஒன்று இருந்தது, ஒரு தவிட்டுக்குருவி, அது தின்பதும் ஒரு குருவி தின்கிற அளவுதான்.

காற்றாலைக் கம்பெனியின் முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்குப் போனார், திங்கட்கிழமை வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. மருதாசலம் மின்கம்பி உயரத்திலிருந்து இடுப்பளவு ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தான், நடுவில் தரை என்று ஒன்று இருப்பதைக் கவனிக்காமலே. விழுந்தவன் சும்மா இருந்தானா? மலிந்த விலையில் அதையே இன்னும் வாங்கினான், இதற்கு ஆவரேஜ் பண்ணுவது என்று பெயர், ஓட்டைச் சட்டியின் ஓட்டையை இன்னும் பெரிதாக்குகிற வேலைதான். சென்னியப்பன் காதில் சொன்ன ஒரு சர்க்கரை மில், பிறகு ஒரு மருந்துக் கம்பெனி, பிறகு மருந்துக் கம்பெனியை விற்று மறுபடி சர்க்கரை என்று தாவித் தாவி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டான். காயில் சுற்றக் கை இருந்தது, மனசு டி.வி.யில் இருந்தது, கடையில் மோட்டார்கள் துருப்பிடித்தன.

மூன்றாம் வயதுக் காதுகுத்துக்கு அவனைச் சுற்றிக் குழி தோண்டினார்கள், குழிக்குள் மடி தென்படும் என்பது சம்பந்தி வீட்டாரின் யோசனை. ஒரு முழம் தோண்டினால் அவனும் ஒரு முழம் இறங்கினான். நஷ்டம் அவனுடையது, மண்ணுடையது அல்ல. கடைசியில் ஆறடிக் குழிக்குள் தலையும் தோளும் மட்டும் தெரிய நின்றுகொண்டு, "கவலப்படாதீங்க, சர்க்கர இந்த வாரம் ஏறீரும்" என்று அவன் சொன்னபோது குழந்தை எட்டிப் பார்த்து மண்ணள்ளிப் போட்டது. அந்தத் தடவையும் கிடா விருந்து நன்றாக இருந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் சந்தை மொத்தமாக விழுந்தது. ஏறியிருந்தவன், ஏறாதவன், நிபுணரைச் சுமந்தவன் எல்லோரும் இறங்கினார்கள். துளசிமணியும் முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள் போனாள், பொய் சொல்வானேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் ஆபீசுக்குப் போனாள், மருதாசலத்துக்கு அதைப் பார்த்து வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"என்னமோ எல்லாத்துலயும் போட்டிருக்கறேன்னு சொன்ன? எல்லாமும் எறங்கீருச்சே!"

"எறங்கீருச்சுங். எல்லாத்துக்கும் ஒண்ணா மூச்சு நின்னுருமாக்கும்? இந்த மாசத் தவணையும் போகட்டும், விடுங்க."

அந்த மாதமும் போயிற்று, அடுத்த மாதமும் போயிற்று. அவள் கையில் இருந்த கம்பெனிகளில் சில செத்தன, செத்த இடத்துக்குப் புதிது வந்தது, மிச்சமிருந்தவை எழுந்து நடந்தன, வருஷக் கடைசியில் துளசிமணி மண்ணிலிருந்து வெளியே வந்து பழையபடி செருப்புத் தேயாமல் நடந்தாள். மருதாசலத்தின் காற்றாலை மட்டும் எழுந்திருக்கவில்லை. செத்தது செத்ததுதான்.

இதைக் கண்ணால் பார்த்த ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? அவளிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் கேட்டார், அதுவும் டீக்கடையில் வைத்து.

"அம்மிணி, நேத்து உங்க ஃபண்டுல என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்."

"போன வாரம்?"

"பாக்கலீங்."

கேட்டவர் முகம் சுருங்கிவிட்டது. அதில் கதை இல்லை. யாரை முந்தினோம், யாரை ஏமாற்றினோம், எந்த நிமிஷத்தில் பாய்ந்து வாங்கினோம் என்று மேடையில் நின்று சொல்ல ஒரு வரிகூட அதில் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பணத்தை விட்டாலும் விடுவார்கள், கதையை விட மாட்டார்கள். அவள் வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது, அதனால்தான் தேறிவிட்டாள் என்று முடிவுகட்டி, நாலைந்து பேர் வாசலை இடித்து மாற்றினார்கள்.

ஐந்தாம் வயதுக் காதுகுத்தின்போது மருதாசலத்துக்குத் தலையும் கழுத்தும்தான் வெளியே இருந்தன. கோயில் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன பூசணிக்காய் மாதிரி இருந்தான், மிதித்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். சுலோச்சனா அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், இந்தத் தடவை கத்தவில்லை.

"அண்ணா, எங்க மாமியா சொல்றதக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. ஏழு வயசுலயும் உனக்கு மடி இல்லீன்னா, பெரியப்பன் மகன் மடியில உக்கார வெச்சுக் குத்தீருவேன். அப்பறம் அவன்தான் மாமன். சீரு, மால, மரியாத எல்லாம் அவனுக்குத்தான். எம்மேல வருத்தப்படாத."

அப்போது மிதுலா பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்தாள், அவன் தலைக்குப் பக்கத்தில் மண்ணைத் தட்டிப் பார்த்தாள், பிறகு நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள்.

"மாமா, உங்களுக்குக் காலு இருக்குதா?"

அவள் பிறந்து நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமனின் காலைப் பார்த்ததே இல்லை. மருதாசலம் அழுதான். கண்ணீரைத் துடைக்கக் கையும் மேலே வரவில்லை, துளசிமணி குனிந்து முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"துளசி, எதப் பொறுக்கறதுன்னு நீயாச்சும் சொல்லு."

"பொறுக்கவே வேண்டாங். இருக்கறத வித்து எல்லாத்துலயும் போட்டுட்டுக் கடையத் தொறங்க. கடையில வர்றதுல மாசாமாசம் கொஞ்சம் போகட்டும்."

"அதுக்கு அறிவே வேண்டாமா?"

"வேண்டாங்."

"அப்ப நா எதுக்கு?"

"காயில் சுத்தறதுக்கு."

அப்படியே செய்தான். செய்தான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், சும்மா இருப்பதைப் போல அவனைப் பாடாய்ப் படுத்திய வேலை வேறொன்றில்லை. கழுத்தளவு மண்ணில் இருந்துகொண்டு, கைக்கு எட்டும்படி மோட்டாரைத் தரைக்குள் இறக்கி வைத்துத் தாமிரக் கம்பி சுற்றினான். சந்தை திறக்கிற நேரம் வந்தால் விரல் நமநமக்கும், இன்னும் நாலு சுற்று கூடுதலாகச் சுற்றுவான். சுபலாபம் ஆபீஸ் வழியாகப் போகாமல் சந்தைப்பேட்டையைச் சுற்றிக்கொண்டு போனான். பையன் விளங்காமல் போய்விட்டான், ஒரு பங்கைப் பற்றிக்கூடப் பேசத் தெரியவில்லை என்று டீக்கடையில் வருத்தப்பட்டார்கள். தோள் வெளியே வந்ததை ஊர் கவனிக்கவில்லை, மார்பு வெளியே வந்ததையும் கவனிக்கவில்லை, அத்தனை மெதுவாக வந்தது. இந்த இரண்டு வருஷத்தில் கவனிக்க ஊருக்கு வேறு விஷயங்கள் இருந்தன. ஃபேனில் தலை இடித்த மனிதர் ஒரே மத்தியானத்தில் உச்சந்தலை வரைக்கும் இறங்கினார், அவருடைய குடுமி மட்டும் அறுகம்புல் மாதிரி தெருவில் தெரிந்தது, அதிலும் ஓர் ஆடு வாய் வைத்தது. சென்னியப்பன் நான்காவது மாடிக்குக் கான்கிரீட் போட்டார்.

மிதுலாவுக்கு ஏழு வயது ஆனபோது மருதாசலம் கணுக்கால் ஆழத்தில் நடந்தே கோயிலுக்கு வந்தான். உட்கார்ந்தபோது, ஆழமில்லாத வாய்க்காலில் உட்கார்ந்த மாதிரி இடுப்பு மண்ணில் கொஞ்சம் அமிழ்ந்தது, ஆனால் மடி மேலே இருந்தது. அகலமான, வேட்டி விரித்த, ஊரறிந்த மடி. சுலோச்சனாவின் மாமியார்கூட ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். துளசிமணி ஒரு முக்காலி உயரத்தில் நின்று தாம்பாளத்தைப் பிடித்திருந்தாள், குருவி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மிதுலா ஓடி வந்து, முதலில் மாமனின் முழங்காலை இரண்டு கையாலும் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிறகு ஏறி உட்கார்ந்தாள். மருதாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மேளம் கொட்டியது. ஆசாரி ஊசியைத் தீயில் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து, சந்தனம் பூசிய கையோடு, தரையில் அழுத்தமாகப் பதிகிற பாதங்களோடு சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மொய்க் கவரைத் தாம்பாளத்தில் வைத்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். அப்புறம் வழக்கம்போல் குனிந்து, மருதாசலத்தின் காதோரம் வாயைக் கொண்டுபோனார்.

"தம்பி, ஒரு சமாச்சாரம்."

மருதாசலத்தின் தலை தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது, மேளக்காரன்கூட ஓர் அடி தவறவிட்டான். ஆசாரி வலது காது மடலைப் பிடித்து ஊசியைச் செருகினார். மிதுலா வீறிட்டாள், ஆனால் எல்லாக் குழந்தைகளையும்போலத் தன் காதைப் பொத்தப் போகவில்லை. அப்படியே திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மாமனின் இரண்டு காதையும் இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொன்னும் குத்துங்க" என்றாள் ஆசாரியிடம், கையை எடுக்காமல்.